கடன் முற்றியபின் யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணி தேடுவது

யாழ்ப்பாணத்தில் எந்த வீதியில் நடந்தாலும் "வங்குரோத்து வழக்குகள் எடுக்கப்படும்" என்ற பெயர்ப்பலகை உங்கள் கண்ணில் படாது. சட்டத்தரணிகள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்வதை உயர் நீதிமன்றத்தின் 1988ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் தடுக்கின்றன என்பது ஒரு காரணம். அப்படியொரு தனித்துறை இங்கே முளைக்கவே இல்லை என்பது மற்றது. 2022இல் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது வங்குரோத்து என்ற சொல் தேநீர்க்கடை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஒரு தனி மனிதன் வங்குரோத்தானால் என்ன செய்வது என்று சொல்லும் சட்டம் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். இன்று அதை எடுத்துப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

ஆகவே நீங்கள் தேட வேண்டியவர் "வங்குரோத்துச் சட்டத்தரணி" அல்லர். மாவட்ட நீதிமன்றத்தில் குடியியல் வழக்குப் பேசுகிறவர், கடன் கொடுத்தவன் பக்கத்தில் இல்லாதவர், உங்கள் கையில் இருக்கும் கடதாசியின் திகதி கடந்துபோவதற்கு முன் உங்களைப் பார்க்க நேரமுள்ளவர். இந்த மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால் போதும்.

எனக்கு இதை எழுத ஒரு தகுதிதான் உண்டு. சுன்னாகம் பக்கம் கட்டடப் பொருட்கள் விற்றுக்கொண்டிருந்த கடையை 2022இல் மூடினேன். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. கடனுக்குச் சீமெந்து எடுத்த மேசன்மாருக்கு வேலை நின்றது. எனக்கு வங்கியிலிருந்து கடிதம் வரத் தொடங்கியது. அதன் பிறகு நான் செய்த பிழைகளும், பிழைகளிலிருந்து பிடித்துக்கொண்ட சில சரிகளும்தான் இனி வருவது.

சட்டத்தரணியைப் பார்க்கும்வரை செய்யக் கூடாதவை

இதை முதலில் சொல்கிறேன். சட்டத்தரணியிடம் போவதற்கு முந்திய இரண்டு கிழமையில்தான் பெரிய சேதம் நடக்கிறது.

எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். "கடன் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு ஒரு வரி எழுதித் தாருங்கள், நாங்கள் மேலிடத்தில் பேசுகிறோம்" என்று கேட்பார்கள். பழைய கடனாக இருந்தால் அந்த ஒரு வரிக்கு விலை அதிகம். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, எழுத்தில் உள்ள கடன் உடன்படிக்கைக்கு 6 வருடம், எழுத்தில் இல்லாத கொடுக்கல் வாங்கலுக்கு 3 வருடம், ஈட்டுக்கு 10 வருடம் என்று வழக்குப் போடுவதற்கு எல்லை உண்டு. ஏறக்குறைய காலாவதியான கடனுக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஒப்புதலோ, "இந்தா, இப்போதைக்கு இதை வைத்துக்கொள்" என்று கட்டும் ஐயாயிரம் ரூபாயோ அந்தக் கணக்கைத் திரும்ப முதல் நாளிலிருந்து ஓட வைக்கலாம். நல்ல மனதோடு கட்டியதே வழக்குக்கு உயிர் கொடுத்துவிடும்.

காணியை அவசரமாகப் பிள்ளையின் பெயருக்கோ தங்கையின் பெயருக்கோ நன்கொடை உறுதி எழுதி மாற்றாதீர்கள். ஊரில் எல்லோரும் சொல்லும் புத்திமதி இதுதான், எனக்கும் மூன்று பேர் சொன்னார்கள். கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு செய்த கைமாற்றத்தை நீதிமன்றம் ரத்துச் செய்யும்படி கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அப்போது தங்கையும் வழக்கில் எதிரியாகிவிடுவாள். நாளைக்கு நீங்களே வங்குரோத்து மனுப் போட வேண்டிவந்தாலும் இந்த உறுதி குறுக்கே வந்து நிற்கும்.

பணம் இல்லை என்று தெரிந்துகொண்டே திகதி பின்போட்ட காசோலை கொடுக்காதீர்கள். கடன் என்பது குடியியல் விடயம். ஆனால் கணக்கில் பணம் இல்லை என்று தெரிந்தே எழுதிய காசோலை, 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ் குற்றம். அந்த வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகாது. நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும்.

உங்கள் கடன் எந்த ரகம்?

சட்டத்தரணி கேட்கும் முதற் கேள்வி "எவ்வளவு?" என்பதல்ல, "யாரிடம், என்ன கொடுத்து வாங்கினீர்கள்?" என்பதுதான். விடை தெரியாமல் போனால் அரைமணி நேரம் வீண்.

வங்கியோ நிதிக் கம்பனியோ கொடுத்த கடனென்றால், மேலே சொன்ன 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சுருக்கமான முறையில் வழக்குப் போட அவர்களால் முடியும். இங்கேதான் பலர் விழுகிறார்கள். சாதாரண வழக்கில் முதலில் அழைப்பாணை வரும், நீங்கள் மறுமொழி போடுவீர்கள், பிறகு விசாரணை. இந்தச் சுருக்க முறையில் வழக்குத் தொடங்கும்போதே நிபந்தனையோடு கூடிய ஒரு தீர்ப்பாணை உங்கள் கைக்கு வந்துவிடும். அதில் குறித்த திகதிக்கு முன், "நான் தோன்றி எதிர்வாதம் சொல்ல அனுமதி வேண்டும்" என்று சத்தியக்கடதாசியோடு நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். விசாரிக்கத்தக்க கேள்வி ஒன்று இருக்கிறது என்று நீதிபதியைத் திருப்திப்படுத்த வேண்டும். அல்லது பணத்தைக் கட்டவோ பிணை கொடுக்கவோ வேண்டும். ஒன்றும் செய்யாவிட்டால் அந்தத் தீர்ப்பாணை முடிந்த தீர்ப்பாகிவிடும். கடதாசியைப் பார்த்து "வழக்குத் தொடங்கியிருக்கிறது போல" என்று நினைத்து அலுமாரிக்குள் வைக்கிறவருக்கு, வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது என்பது தெரியாது.

காணியை வங்கிக்கு ஈடு வைத்திருந்தால் இன்னொரு கத்தியும் உண்டு. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், வங்கியின் பணிப்பாளர் சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றி, நீதிமன்றத்துக்குப் போகாமலே அந்தக் காணியை ஏலம் விட அனுமதிக்கிறது. 'பராட்டே' என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். சிறு வியாபாரிகளின் கூக்குரலால் 2024இல் சில மாதங்களுக்கு அதை நிறுத்தி வைத்தார்கள், பிறகு 2025 மார்ச் வரைக்கும் நீட்டினார்கள். எல்லாக் கடனுக்கும் அது பொருந்தாது, தொகை வரம்பு உண்டு. காணியை ஈடு வைத்தவர் கடன் எடுத்தவரேதானா, அல்லது அவருக்காகத் தன் காணியைக் கொடுத்த மாமனாரா என்பதும் முக்கியம். அந்தக் கேள்வி உயர் நீதிமன்றம் வரை போய் வந்தது. ஆகவே ஈட்டு உறுதியில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதை நீங்களே முதலில் பார்த்து வையுங்கள்.

தனியாரிடம் வாங்கிய கடன் வேறு உலகம். யாழ்ப்பாணத்தில் இது மூன்று முகத்தோடு வரும்: வாக்குறுதிச் சீட்டு, ஈடு, அறுதி. வாக்குறுதிச் சீட்டில் உண்மையில் கையில் வாங்கிய தொகை எவ்வளவு, முன்கூட்டியே கழித்த வட்டி எவ்வளவு, வட்டி வீதம் என்ன என்பவை எழுதப்பட வேண்டும் என்று 1918ஆம் ஆண்டின் பணக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வெறும் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிறகு நிரப்புவது நம்மூரில் பழக்கம் என்றாலும் அது சட்டத்துக்கு ஏற்றது அல்ல. இதைச் சட்டத்தரணியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; உங்கள் எதிர்வாதத்துக்கான விதை அதில் இருக்கலாம்.

அறுதி உறுதிதான் கொடுமை. கடனுக்குப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டு காணியை விற்றதாகவே உறுதி எழுதி வாங்கிக்கொள்வார்கள். "காசைத் தந்ததும் திருப்பி எழுதித் தருவேன்" என்பது வாய்ப்பேச்சு. காணியின் பெறுமதிக்கும் உறுதியில் எழுதிய விலைக்கும் உள்ள இடைவெளி, உறுதி எழுதிய பிறகும் நீங்களே அந்த வளவில் இருந்தது, வட்டி கட்டிய துண்டுகள், இவற்றைக் கொண்டு "இது விற்பனை அல்ல, நம்பிக்கைப் பொறுப்பு", அதாவது காணி எனக்காகவே அவர் பெயரில் இருக்கிறது என்று வாதிட வழி உண்டு. ஆனால் அது அனுபவமுள்ள கையால் செய்ய வேண்டிய வேலை. உங்கள் பிரச்சினை இதுவென்றால், இந்த வகை வழக்கைத்தான் அவர் பேசியிருக்கிறாரா என்று நேரே கேளுங்கள்.

லீசிங்கில் எடுத்த உழவு இயந்திரம், முச்சக்கர வண்டி: இவை 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் வரும். வாகனம் உங்கள் பெயரில் ஓடினாலும் கடன் முடியும்வரை கம்பனியின் உடைமை. ஆட்கள் வந்து றோட்டில் மறித்துத் திறப்பைப் பறித்துக்கொண்டு போனால், போன நேரம், இடம், வந்தவர்கள் கொடுத்த கடதாசி எல்லாவற்றையும் குறித்து வையுங்கள்.

நுண்கடன் எடுத்த பெண்களுக்கு ஒரு வார்த்தை. குழுவாகக் கடன் எடுத்துவிட்டு ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் வாசலில் வந்து நிற்பது உங்களை வெட்கத்தால் கொல்லும் முறை. வெட்கம் சட்டத்தில் ஆவணம் அல்ல. நீங்கள் கையெழுத்து வைத்தது எதற்கு, உங்கள் கடனுக்கு மட்டுமா, மற்றவருக்கும் பிணையா என்பதுதான் சட்டத்தரணி பார்ப்பது.

பிணை நின்றவர்கள் தனிச் சாதி. ஆசிரியர்களும் அரசாங்க உத்தியோகத்தர்களும் ஒருவருக்கொருவர் பிணை நிற்பது இங்கே மரியாதையின் பகுதி. "முதலில் கடன் எடுத்தவனிடம் வசூலியுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்" என்று கேட்கும் உரிமை பிணையாளிக்கு உண்டு. ஆனால் வங்கிப் படிவத்தின் சிறிய எழுத்தில் அந்த உரிமையைக் கைவிட்டதாக ஏற்கெனவே கையெழுத்திட்டிருப்பீர்கள். நம்பாவிட்டால் எடுத்துப் படித்துப் பாருங்கள்.

கடதாசிக் கட்டு

இது சின்ன விடயம், விரைவாகச் சொல்கிறேன். கடன் உடன்படிக்கை, வந்த கோரிக்கைக் கடிதங்கள், அவற்றின் தபாலுறை (திகதி முத்திரை உறையில்தான் இருக்கும்), கட்டிய துண்டுகள், காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், காணி உறுதி. காணிப் பதிவகத்தில் உங்கள் காணியின் பதிவுப் பிரதி ஒன்றை எடுங்கள். உங்களுக்கே தெரியாத ஈடு அதில் ஏறியிருக்கலாம். கடன் தகவல் பணியகத்திலிருந்து, ஊரில் 'கிரிப்' என்று சொல்வார்களே, உங்கள் சொந்த அறிக்கையையும் பெறலாம். யாருக்கெல்லாம் பிணை நின்றேன் என்று மறந்துபோனவர்களுக்கு அந்த அறிக்கைதான் ஞாபகசக்தி.

பிறகு ஒரு தாளில், ஒரு பக்கத்தில், எல்லாக் கடனையும் எழுதுங்கள். கொடுத்தவர், தொகை, எப்போது, பாதுகாப்பு என்ன, கடைசியாகக் கட்டியது எப்போது. மனைவியின் நகை அடகு வைத்ததையும், சீட்டில் எடுத்துவிட்டுக் கட்டாமல் விட்டதையும் சேர்த்து. நான் முதல் முறை எழுதியபோது இரண்டு கடனை விட்டுவிட்டேன். வேண்டுமென்றே அல்ல, கைதான் எழுத மறுத்தது.

ஆளைத் தேடுவது

யாழ்ப்பாண மாவட்டத்தில் யாழ்ப்பாணம், மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என நீதிமன்றங்கள் சிதறிக் கிடக்கின்றன. வழக்கு எந்த நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறது, அல்லது வரக்கூடும் என்று பார்த்து, அங்கே நாளாந்தம் நிற்கிற சட்டத்தரணியைத் தேடுங்கள். வடமராட்சிக்காரர் யாழ்ப்பாண நகரத்தில் பெரிய பெயரைப் பிடித்தால், ஒவ்வொரு தவணைக்கும் அவரைப் பருத்தித்துறைக்கு வரவழைக்கும் செலவும் தலையில் விழும்.

ஏன் உள்ளூர் ஆள் என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் தனியாக ஒரு விடை உண்டு: தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துக்குரிய வழமைச் சட்டம். உங்கள் சொத்தில் எது முதுசம் (முன்னோர் வழி வந்தது), எது சீதனம் (பெண்ணுக்குத் திருமணத்தோடு கொடுத்தது), எது தேடியதேட்டம் (திருமண காலத்தில் தேடியது) என்பதில்தான் கடன்காரன் எதைத் தொடலாம் என்ற கேள்வியின் பாதி அடங்கியிருக்கிறது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் காணியைக் கைமாற்றவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அது கிடைக்காத இடத்தில் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஈட்டு உறுதியில் அந்தக் கையெழுத்து ஒழுங்காக இருக்கிறதா? கொழும்பில் திறமையான வணிகச் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். ஆனால் சீதனக் காணியின் உறுதியை ஒரு பார்வையில் படிக்கிறவர் இங்கே பழகியவர்தான். விதிவிலக்கு ஒன்று: உங்கள் கடன் உங்கள் பெயரில் இல்லாமல், பதிவு செய்த கம்பனியின் பெயரில் இருந்தால், அதைக் கலைப்பது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் வேலை. அதற்குக் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்தில் பழகிய ஒருவர் வேண்டும்.

பெயர்களை எங்கே கேட்பது? சட்டத்தரணிகள் சங்கத்தில் கேட்கலாம். என்னைக் கேட்டால், அதைவிட நல்ல வழி ஒரு காலை நேரம் மாவட்ட நீதிமன்றத்தில் போய் உட்காருவது. திறந்த நீதிமன்றம், யாரும் உள்ளே இருக்கலாம். கைத்தொலைபேசியை நிறுத்திவிட்டுப் போங்கள். வங்கி வழக்குகள் கூப்பிடும்போது எதிரிக்காக யார் எழும்புகிறார், ஆயத்தமாக வந்திருக்கிறாரா, ஒவ்வொரு முறையும் இன்னொரு தவணை கேட்பதுதான் அவருடைய வாதமா, எல்லாம் தெரியும். இரண்டு காலை போனால் ஊரில் இருபது பேரிடம் கேட்டதைவிட அதிகம் தெரிந்துகொள்வீர்கள். வாசலில் வந்து "நல்ல லோயர் ஒருவர் இருக்கிறார், கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று சொல்கிறவரோடு போகாதீர்கள். ஆள் பிடித்துக் கொடுப்பது அந்தத் தொழிலின் ஒழுக்கத்துக்கு முரண், அதற்கு உடன்படுகிற சட்டத்தரணி வேறு எதற்கும் உடன்படுவார்.

காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசும் சட்டத்தரணிதான், ஆனால் உறுதி எழுதுவதில் முழு நாளும் போகிறவர்கள் வழக்குப் பேசுவது அரிது. உங்கள் குடும்பத்துக்கு முப்பது வருடம் உறுதி எழுதியவர் என்பதற்காக அவரிடமே போக வேண்டியதில்லை.

"ஐயா, நீங்கள் அவர்களுக்கும் தோன்றுகிறீர்களா?"

நான் பட்ட அடி இது. குடும்பத்துக்குப் பழக்கமான ஒருவரிடம் போய், தேநீர் குடித்துக்கொண்டு, அரைமணி நேரம் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில் வங்கியின் பெயரைச் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தம்பி, அந்த வங்கிக்கு நான்தான் இங்கே வழக்குப் போடுகிறேன். நீங்கள் சொன்னதை நான் கேட்காததாக வைத்துக்கொள்வோம்."

அவர் நேர்மையானவர், கேட்டதை வைத்து ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. சின்ன ஊர் இது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தங்களுக்கென்று சட்டத்தரணிகளின் பட்டியல் வைத்திருக்கின்றன, குடியியல் வழக்குப் பேசும் நல்லவர்களில் பலர் ஏதாவது ஒரு பட்டியலில் இருப்பார்கள். ஆகவே கதிரையில் உட்கார்ந்ததும், உங்கள் கதையைச் சொல்வதற்கு முன், கடன் கொடுத்தவரின் பெயரை மட்டும் சொல்லிக் கேளுங்கள். இப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல சட்டத்தரணி அந்தக் கேள்வியை எதிர்பார்த்திருப்பார். இல்லை என்று அவர் சொன்ன பிறகு எதையும் மறைக்க வேண்டாம். கட்சிக்காரர் சொன்னதைச் சட்டத்தரணி வெளியே சொல்லக் கூடாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டமே காக்கிறது. சித்தப்பாவின் மகன் சட்டத்தரணியாக இருந்தும் நான் அவனிடம் போகாததற்குக் காரணம் இரகசியம் அல்ல; அவனுக்குக் காசு கொடுக்கவும் முடியாது, ஏன் மறுமொழி இன்னும் போடவில்லை என்று கேட்கவும் முடியாது.

முதற் சந்திப்பு

ஒரு பக்கத் தாளை மேசையில் வையுங்கள். அவர் படிக்கட்டும். பிறகு நீங்கள் கேட்க வேண்டியவை சில.

அடுத்து எந்தத் திகதிக்குள் என்ன தாக்கல் செய்ய வேண்டும்? இதற்கு அவர் கடதாசியைப் பார்க்காமல் பதில் சொன்னால் கவனம். வட்டிக் கணக்கை நீங்கள் பார்ப்பீர்களா, அல்லது கணக்காளர் ஒருவரிடம் கொடுக்க வேண்டுமா? வட்டி முதலைத் தாண்டக் கூடாது என்ற பழைய சட்ட விதி எனக்கு உதவுமா? (யார் கடன் கொடுத்தார் என்பதைப் பொறுத்தது.) வழக்கைப் பேசுவது நல்லதா, இணக்கத்துக்குப் போவது நல்லதா? "கட்டாயம் வெல்லலாம்" என்று முதல் நாளே சொல்கிறவரிடமிருந்து எழும்பி வாருங்கள். எனக்குக் கடைசியில் வாய்த்தவர் முதல் நாள் சொன்னது இதுதான்: "கடன் உண்மை. அதை இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. வட்டியையும் காலத்தையும்தான் நான் பேசுவேன்." அந்த இடத்திலேயே அவரை நம்பினேன்.

வழக்கு நீதிமன்றத்தில் தமிழிலேயே நடக்கும், ஆனால் வங்கியின் உடன்படிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். நீங்கள் கையெழுத்து வைத்த பந்திகளை அவர் உங்களுக்கு வாசித்து விளக்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கூலியும் புரொக்சியும்

எல்லோரும் புரொக்சி என்று சொல்லும் அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் அவர் உங்கள் சட்டத்தரணி. நாட்டில் அட்வகேட், புறொக்டர் என்ற பழைய பிரிவு 1970களில் நீக்கப்பட்டுவிட்டது; எல்லோரும் சட்டத்தரணிகள். ஆனால் நடைமுறையில் இரட்டை வேலை இன்னும் உண்டு. ஒருவர் புரொக்சி போட்டுக் கடதாசி வேலை பார்ப்பார், வாதத்துக்கு அனுபவமுள்ள இன்னொருவரை வைப்பார். உங்கள் வழக்குக்கு இருவர் வேண்டுமா, இருவருக்கும் தனித்தனியாகக் கூலியா என்று தொடக்கத்திலேயே தெளிவுபடுத்துங்கள்.

கூலி பேசும்போது யாழ்ப்பாணத்தார் வெட்கப்படுவார்கள். "பார்த்துச் செய்யுங்கோ ஐயா" என்று சொல்லிவிட்டு வருவது பிறகு சண்டையில் முடியும். புரொக்சிக்கு எவ்வளவு, மறுமொழி எழுத எவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு, விசாரணை நடக்காமல் தள்ளிப்போகும் தவணைக்கும் அதே கூலியா, முத்திரைச் செலவு வேறா? ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கொடுத்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேளுங்கள். கடன் வழக்கில் தவணைக் கூலி வட்டியைப் போல வளரும். இருபது தவணை போகிற வழக்கில் ஒரு தவணைக் கூலி குறைவாக இருப்பதை விட, மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்வது சில வேளை நல்லது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்க் கடனுக்கு வழக்கு வந்திருந்தால், இங்கே இருக்கும் ஒருவருக்கு அற்றோனித் தத்துவம் எழுதிக் கொடுக்கலாம். காணியை விற்கும் அதிகாரத்தையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். வழக்குக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் எழுதுங்கள்.

கையில் கூலிக்கும் வழியில்லாவிட்டால்

சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உண்டாக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் அதன் நிலையம் இயங்குகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு ஆலோசனையும், தகுதியானவர்களுக்கு வழக்குக்குச் சட்டத்தரணியும் கிடைக்கும். கிராம உத்தியோகத்தரிடம் வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனால் இரண்டாம் முறை அலையத் தேவையில்லை.

தனியாரிடம் காணியை ஈடு வைத்தோ, நிபந்தனையோடு எழுதிக் கொடுத்தோ கடன் வாங்கியவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு, பலருக்குத் தெரியாது. அது 1941ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் இணக்க சபை. இரு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசித் தவணை முறையில் கட்டுவதற்கு இணக்கம் செய்து வைக்கும். நிபந்தனை உறுதியில் காணியை மீட்பதற்கென்று எழுதிய காலம் முடிவதற்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். உறுதியை இன்றே எடுத்து அந்தத் திகதியைப் பாருங்கள்.

பொலிஸ் நிலையம் கடன் தீர்க்கும் இடம் அல்ல. கடன் கொடுத்தவர் அங்கே முறைப்பாடு செய்து உங்களைக் கூப்பிட்டால் மரியாதையாகப் போங்கள், "இது குடியியல் விடயம், என் சட்டத்தரணியோடு பேசிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அங்கே கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்க வேண்டாம்.

தவணை தவறிவிட்டால்

மனிதர்கள் தவறவிடுகிறார்கள். காய்ச்சல், சாவீடு, பஸ் வரவில்லை. சாதாரண வழக்கில் நீங்கள் தோன்றாமல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிட்டால், அந்தத் தீர்ப்பாணை உங்கள் கைக்குக் கிடைத்ததிலிருந்து 14 நாளுக்குள், தோன்றாததற்கு நியாயமான காரணத்தைக் காட்டி அதை நீக்கும்படி கேட்கலாம். பதினைந்தாம் நாள் சட்டத்தரணியிடம் போனால் அவர் தலையில் கை வைப்பார். தீர்ப்பு நிலைத்து, அதை நிறைவேற்றும் நீதிமன்ற உத்தியோகத்தரான பிஸ்கால் வீட்டுக்கு வந்தாலும் எல்லாவற்றையும் தூக்க முடியாது: உடுபுடவை, படுக்கை, தொழிலுக்கு வேண்டிய கருவிகள் போன்றவை விலக்கு. மேசனின் கரண்டியையும் தையற்காரியின் இயந்திரத்தையும் பற்றிப் பேச வேண்டிய இடம் இது.

கடைசிக் கதவு: வங்குரோத்து மனு

இனி வழியே இல்லை, கடன்காரர் பலர், சொத்தை விட்டுக் கொடுத்தாலும் கட்டி முடியாது என்றால் 1853ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். நீங்களும் மனுப் போடலாம், கடன்காரரும் போடலாம். சொத்து முழுவதும் நீதிமன்றம் நியமிப்பவரின் கைக்குப் போய், கடன்காரருக்குப் பங்கிடப்படும். உங்கள் கணக்கு முழுவதையும் நீதிமன்றம் கிண்டிப் பார்க்கும். எல்லாம் நேர்மையாக நடந்திருந்தால் விடுவிக்கும் சான்றிதழ் கிடைக்கும். விடுவிக்கப்படும்வரை கம்பனிப் பணிப்பாளராக இருக்க முடியாது, பாராளுமன்றத் தேர்தலிலும் நிற்க முடியாது. இரண்டாவது தடை நம்மில் பலருக்கு நட்டமில்லை.

என் சட்டத்தரணி அந்தக் கதவைத் திறக்க வேண்டாம் என்றார். வங்கியோடு இணக்கத் தீர்ப்பு எழுதி, வட்டியில் ஒரு பகுதி குறைத்து, மிச்சத்தை மாதாமாதம் கட்டினேன். இணக்கத் தீர்ப்பில் ஒரு மாதம் தவறினால் என்ன நடக்கும் என்ற வரியைக் கையெழுத்துக்கு முன் மூன்று முறை படித்துப் பாருங்கள். அந்த வரியில்தான் பேரம் பேச வேண்டும், தொகையில் மட்டும் அல்ல.

கடனைக் கட்டி முடித்த பிறகு இரண்டு கடதாசி வாங்கும்வரை வேலை முடியாது. வங்கி ஈட்டை நீக்கி உறுதி எழுதி, அது காணிப் பதிவகத்தில் பதிவாக வேண்டும். ஒரு மாதம் கழித்து நீங்களே போய்ப் பதிவுப் பிரதி எடுத்துப் பாருங்கள். நீதிமன்றத்தில் கடன் தீர்ந்ததாக வழக்கேட்டில் குறிக்கப்பட்டதா என்று சட்டத்தரணியிடம் கேட்டு, அந்தப் பக்கத்தின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுத்து, காணி உறுதியோடு சேர்த்து ஒரே உறையில் வையுங்கள்.